வராமல் போன காய்ச்சல்

“உங்களுக்கே முழுசா விளங்காத மருந்தை எப்பிடி மிஸி இவளுக்கு ஏத்தப் போறீங்கள்?”

சிலாவத்துறையிலிருந்து வந்திருந்த நியாஸ் இதைக் கோபத்தில் கேட்கவில்லை. மனைவியின் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கதிரை நுனியில் இருந்தபடி, உண்மையாகவே பதில் வேண்டிக் கேட்டார். நான் அப்போது தாதியாக வேலைக்கு வந்து மூன்றாம் வருடம். இந்த இரத்தநோய்க் கிளினிக்குக்கு வந்து ஐந்தாம் மாதம். நிபுணர் விளங்கித்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தேன். அது பதில் அல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த கிழமை புதுத் தாதிகளான நீங்கள் மூன்று பேரும் இங்கே வேலை தொடங்குகிறீர்கள். எனக்கும் உங்களுக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம். அறிவுரை சொல்லும் வயது எனக்கு வரவில்லை. ஊசி போடும் முறை, எந்தப் படிவம் எந்த அலுமாரியில் என்பதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். நான் எழுதுவது நியாஸின் மனைவி றிஸ்னாவைப் பற்றி, அவருடைய விஷயத்தில் நான் விட்ட பிழையைப் பற்றி. அதில் பாதி எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் நீங்கள் ஓய்வுபெற்றுப் போய்விடுவீர்கள்.

றிஸ்னாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஓயாத தலையிடி, குளித்தால் உடம்பெல்லாம் கடி, முகம் எப்போதும் வெயிலில் நின்று வந்ததுபோலச் சிவப்பு. இரத்தத்தைச் சோதித்தபோது சிவப்புக் கலங்கள் அளவுக்கு மிஞ்சிக் கிடந்தன. இரத்தம் உண்டாகும் எலும்பு மச்சைக்குள் ஒரு கூட்டம் கலங்கள், போதும் என்ற கட்டளைக்குக் காது கொடுக்காமல் பெருகிக்கொண்டே போகும் நோய் அது. இரத்தப் புற்றுநோய்தான், ஆனால் மெதுவாக, வருடக்கணக்காக நகர்வது. ஆளை உடனே விழுத்தாது. இரத்தம் தடித்துத் தடித்து, ஒரு நாள் மூளையிலோ நெஞ்சிலோ கட்டியாகி அடைத்துவிடும் என்பதுதான் பயம். அவ்வப்போது ஒரு பை இரத்தத்தை வெளியே எடுத்து விடுவோம். அதோடு அந்தக் கலங்களை அடக்க ஒரு குளிசை இருக்கிறது. பலருக்கு அதுவே போதும். ஆனால் அந்தக் குளிசையை விழுங்கிக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சியாக முடியாது.

றிஸ்னாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. ஒரு பிள்ளையாவது தங்கவேண்டும். அதுதான் அவர் எங்கள் கிளினிக்குக்குக் கொண்டுவந்த ஒரே கேள்வி. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டு அழாதவர், குளிசையின் நிபந்தனையைக் கேட்டு அழுதார். அதனால்தான் மாதத்துக்கு ஒருமுறை வரும் நிபுணர் இன்ரபெரோன் ஊசியை எழுதினார். கிழமைக்கு ஒன்று. இரத்தத்தில் சிவப்புக் கலங்கள் ஒரு நிலைக்கு இறங்கி அங்கேயே நின்றால் பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

அந்த ஊசியைப் பற்றி வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடியது. அது கலங்களை நேரே கொல்லும் நஞ்சு அல்ல. வைரஸ் ஒன்று உள்ளே நுழைந்தால் எங்கள் உடம்பு தானே ஒரு செய்தியை உண்டாக்கி எல்லா இடமும் அனுப்பும். அந்தச் செய்தியைத்தான் ஊசியில் அடைத்திருக்கிறார்கள். அது போனதும் காவல் கலங்கள் உசாராகின்றன. இவ்வளவு நாளும் நம்முடைய ஆள் என்று விட்டுவைத்திருந்த பிழையான கலத்தை நின்று பார்க்கின்றன. இன்னோர் இடத்தில் வேறு விதமாக இருந்தது: மச்சைக்குள் உறங்கிக் கிடக்கும் நோயின் தாய்க்கலங்களை ஊசி தட்டி எழுப்பி, ஓடவிட்டுக் களைக்க வைக்கிறதாம். இரண்டில் எது சரி என்று நிபுணரிடம் கேட்டேன். இரண்டும் நடக்கிறது, எது எவ்வளவு என்று தன்னாலும் சொல்ல இயலாது என்றார். அவரே அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

ஆனாலும் நியாஸின் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த முறை வந்தபோது இருவரையும் இருத்திவைத்து, போர்க்காலத்தில் மன்னார்ப் பாலத்தடியில் நின்ற சோதனைச்சாவடியை உவமைக்கு எடுத்தேன். நியாஸ் போரில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து பிறகு ஊரில் மீளக் குடியேறியவர். என்றாலும் சோதனைச்சாவடி எங்கும் ஒன்றுதான். தினமும் போகிற வான் வண்டியை ஆமிக்காரன் பார்க்க மாட்டான், கையைக் காட்டிப் போகச் சொல்லுவான். அந்த வானுக்குள்தான் கள்ளன் இருக்கிறான். மேலிடத்திலிருந்து ஓடர் வந்துவிட்டால் கதை வேறு. பழகின முகமென்றாலும் இறக்கிச் சோதிப்பான். கள்ளன் பிடிபடுவான். ஆனால் ஒரு பிழையும் செய்யாத சனமும் வரிசையில் நின்று வெயிலில் காயும். ஊசி அந்த ஓடர். ஊசிக்குப் பிறகு வருகிற காய்ச்சலும் உடம்பு உளைவும் அந்த வரிசை.

றிஸ்னா கேட்டார்: “அப்ப என்ர உடம்புக்குள்ள இப்ப ஆமி நிக்குதோ மிஸி?”

“ஓம். ஆனா உங்கட ஆமி.”

“அப்பிடியும் ஒண்டு இருக்கோ?” என்றார் நியாஸ். மூவரும் சிரித்தோம்.

காய்ச்சல் சொன்னபடியே வந்தது. அன்று ஊசி போட்ட மறுநாளே நூற்றிரண்டு. இங்கே நான் தடுமாறினேன். மழைக்காலம், ஊரெல்லாம் டெங்கு. இது ஊசியின் காய்ச்சல், பேசாமல் படுங்கள் என்று சொல்லி அது டெங்காக இருந்தால்? பயந்து ஊசியை நிறுத்தி அது ஊசியின் காய்ச்சலாகவே இருந்தால்? அவரை வரச்சொல்லி இரத்தம் சோதித்தோம், டெங்கு இல்லை. அன்றைக்கு நான் செய்தது சரி. அந்தச் சரிதான் எனக்குத் தலைக்கனத்தைத் தந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தத் தலைக்கனத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். என் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பா தீவுக்கரையில் கடல் தொழில் செய்தவர். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் பெருவிரலைத்தான் நீட்டுவார். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதக் காட்டிக்கொடுத்தது நான். இதையெல்லாம் நான் பெருமையாகவே சொல்வேன், இனியும் சொல்வேன். மற்றவர்கள் துண்டுப் பிரசுரத்துத் தமிழில் சொல்லிச் சனத்தை முழிக்க வைக்கும்போது, நான் கடற்கரைத் தமிழில் சொல்லி ஒரு நிமிடத்தில் விளங்க வைப்பேன். கிளினிக்கில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

மூன்று மாதத்தில் றிஸ்னாவின் இரத்தம் இறங்கத் தொடங்கியது. காய்ச்சலும் வரவரக் குறைந்தது. ஒவ்வொரு கிழமையும் சிலாவத்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து போவது அரைநாள் வேலை. அதனால் ஒரு மாதத்து ஊசிகளை வீட்டுக்குக் கொடுத்து, அவரே போடப் பழக்கலாம் என்று நிபுணர் அனுமதித்தார். நான் பழக்கினேன். றிஸ்னாவுக்கு என்னைவிட நிதானமான கை.

ஊசி இரண்டு முதல் எட்டுப் பாகைக் குளிரில் இருக்கவேண்டும். ஆனால் உறையக்கூடாது. வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டேன். றிஸ்னா நியாஸைப் பார்த்தார். நியாஸ் என்னைப் பார்த்து, “ஐஸ் இருக்கு மிஸி. மீன்பிடி போட்டுக்கு நாளாந்தம் எடுக்கிறனான். நல்ல ரெஜிபோம் பெட்டியும் கிடக்கு, குளிர் வெளியால போகாது” என்றார்.

நான் கேட்டது பிரிட்ஜைப் பற்றி. அவர் சொன்னது ஐஸைப் பற்றி. அந்த இடைவெளியில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. என் வாயில் இன்னொரு நல்ல உவமை வந்துவிட்டது.

“அப்ப பிரச்சினை இல்ல. கொழும்பு லொறிக்கு ஏத்திற மீனைப் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொள்ளுங்கோ.”

“அதை எனக்குச் சொல்லித் தரத் தேவையில்ல மிஸி,” என்று அவர் சிரித்தார்.

உறையக்கூடாது என்பதையும் சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. நூறு வீதம் நிச்சயமில்லை. சொல்லியிருந்தாலும் அந்த மீன் அதை விழுங்கியிருக்கும்.

அடுத்த மாதம் றிஸ்னா முகம் தெளிந்து வந்தார். காய்ச்சலே இல்லையாம். ஊசி போட்டுவிட்டு விடிய எழும்பிப் பிட்டு அவிக்கிறாராம். எனக்கும் சந்தோசம். இந்த ஊசிக்கு உடம்பு பழகினால் காய்ச்சல் குறைவது வழக்கம். புத்தகத்திலும் உண்டு, வேறு நோயாளிகளிடமும் பார்த்திருக்கிறேன். உடம்பு பழகிவிட்டது, நல்ல அறிகுறி என்று சொன்னேன். சாவடியில் ஒழுங்கு வந்து வரிசை குறைந்துவிட்டது என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். ஓடரே வராவிட்டாலும் வரிசை இருக்காது என்பது எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாதம் இரத்தம் சற்று ஏறியிருந்தது. அதற்கடுத்த மாதம் நன்றாகவே ஏறியிருந்தது. நிபுணர் தாளை இரண்டு தரம் பார்த்தார். சிலருக்கு இந்த ஊசி கொஞ்சக் காலம் வேலை செய்து பிறகு கைவிடுவது உண்டு என்றார். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் குளிசைக்கு மாறவேண்டும், இரத்தம் கட்டியாவதற்கு இடம் கொடுக்க முடியாது, பிள்ளையைப் பற்றிப் பிறகு பார்ப்போம். றிஸ்னா முக்காட்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மருந்து தோற்றுவிட்டதா? அளவு போதவில்லையா? நோய் மாறிவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. குழம்பிய மனம் சுலபமான பதிலைத் தேடும். அவர் ஊசியைப் போடாமல் விட்டிருப்பார், அதனால்தான் காய்ச்சலும் இல்லை என்று முடிவு கட்டினேன். வெளியே வந்து, ஆட்கள் இல்லாத ஓரத்தில் வைத்துக் கேட்டேன், உண்மையைச் சொல்லுங்கள், ஊசி போடுகிறீர்களா என்று.

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“வயித்தில எத்தின புள்ளி கிடக்கெண்டு எண்ணிப் பாருங்கோ மிஸி.”

நான் எண்ணவில்லை. எண்ணாமலே விடை தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போகும்வரை என் காது சுட்டுக்கொண்டே இருந்தது. ஒருவருக்குப் பிள்ளை கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்த ஊசியில் தொங்குகிறது. அவர் அதைப் போடாமல் விடுவாரா என்று யோசிக்க எனக்கு நாலு வருடப் படிப்புத் தேவையே இல்லை. படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பெண்ணாக யோசித்திருந்தாலே போதும்.

அடுத்த கிழமை நியாஸ் தனியே வந்தார். கையில் ரெஜிபோம் பெட்டி. மனைவியைப் பொய்காரி என்று நான் நினைத்தது அவருக்குச் சுட்டிருந்தது. பெட்டியை என் மேசைமேல், கோப்புகளுக்கு நடுவில் வைத்துத் திறந்தார். உள்ளே நொறுக்கிய ஐஸ், அதற்குள் இரண்டு பைகளால் சுற்றிய அந்த மாதத்தின் கடைசி ஊசி.

“சிலாவத்துறையில இருந்து பஸ்ஸில வந்தும் ஐஸ் எப்பிடி நிக்குதெண்டு பாருங்கோ. மேல உப்புப் போட்டனான். கொழும்பு லொறிக்கு அப்பிடித்தானே மிஸி?”

அப்படித்தான். அப்பாவும் அப்படித்தான் செய்வார். உள்ளூர்ச் சந்தைக்குப் போகிற மீனுக்கு வெறும் ஐஸ். நல்ல அறக்குளா மீன் கொழும்புக்குப் போகிறதென்றால் ஐஸில் உப்பைத் தூவுவார். உப்புப் பட்ட ஐஸ் தன் அளவையும் தாண்டிக் குளிரும், மீன் கல்லாகிவிடும். சின்ன வயதில் உப்பு வாளியைத் தூக்கிக் கொடுத்தது நான். வேறு ஊர்த் தாதி ஒருத்தி வேறு எதையாவது சொல்லியிருப்பாள். கடற்கரைத் தாதி ஒருத்தி கடற்கரை மனிதர் ஒருவருக்குச் சொன்னதால், அவர் அதன் முழுப் பொருளையும் விளங்கி, ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார்.

ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவாக அசையவேண்டிய மருந்து அசையவில்லை. வெள்ளையாக உறைந்து கிடந்தது. உறைந்து இளகிய மருந்து பார்வைக்குப் பழையபடி தெரியும், ஆனால் அதை நம்ப முடியாது. போடுவதற்குக் கொஞ்சம் முன்னர் வெளியில் எடுத்து வைக்கச் சொன்னதும் நான்தான். இளகிய பிறகு போட்டிருக்கிறார். இரண்டு மாதமாக.

“வீட்டில பிரிட்ஜ் இல்லையோ?” என்று அப்போதுதான் ஒழுங்காகக் கேட்டேன்.

“இருக்கு. என்ர உம்மா அதைத் திறந்து பாப்பா. இது இன்ன வருத்தமெண்டு அவவுக்குச் சொல்லல்ல. தெரிஞ்சா, பிள்ளை வேணாம், நீ இருந்தாப் போதுமெண்டு இவளைப் பிடிச்சு அழுவா. றிஸ்னாவுக்கு அதைத் தாங்க ஏலாது.”

அவர் போன பிறகு சம்பவப் பதிவுக் கொப்பியை எடுத்து, “நோயாளி மருந்தை உறையவிட்டிருந்தார்” என்று எழுதினேன். அது பொய்யில்லை. யாரும் மறு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். எழுதி முடித்து, கையொப்பம் போடப் பேனையைக் கொண்டுபோய்விட்டு நிறுத்தினேன். என் வீட்டார் பெருவிரல் வைத்த தாள்களில் இப்படிப்பட்ட வசனங்கள் எத்தனை இருந்திருக்குமோ தெரியாது. அவர்களால் வாசித்துப் பார்க்க முடியவில்லை. நோயாளிகளுக்குக் காட்டாத இந்தக் கொப்பியை நியாஸாலும் வாசித்துப் பார்க்க முடியாது. வசனத்தைக் கோடிட்டு வெட்டி, கீழே எழுதினேன்: “தாதி சொன்ன முறைப்படி வைத்ததால் மருந்து உறைந்தது.” என் பெயரையும் முழுதாக எழுதினேன். வெட்டிய வசனம் இன்னும் வாசிக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது, பாருங்கள்.

பிறகு நிபுணருக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் முடிக்கும்வரை பேசாமல் கேட்டார். ஏசுவார் என்று நினைத்தேன். காய்ச்சல் எப்போது நின்றது என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குக் கொடுத்த முதல் மாதமே என்றேன்.

“அது பழகி நிண்டதோ, மருந்து கெட்டு நிண்டதோ?”

“தெரியாது சேர்.”

“எனக்கும் தெரியாது. ஊசி உண்மையாவே கைவிட்டும் இருக்கலாம். குளிசையைப் பிறகு பாப்பம். இரத்தத்தை எடுத்துவிட்டு, புது ஊசியை மூண்டு மாதம் ஒழுங்காப் போட்டுப் பாப்பம்.”

றிஸ்னாவிடம் நான் இரண்டுக்கு மன்னிப்புக் கேட்டேன். மீனுக்கும், அந்த ஓரத்தில் வைத்துக் கேட்ட கேள்விக்கும். முதலாவதை உடனே விட்டுவிட்டார். இரண்டாவதை விடவில்லை. பழையபடி ஒவ்வொரு கிழமையும் இங்கே வாருங்கள், ஊசியை நான் வைத்திருக்கிறேன் என்றேன். வேண்டாம், மாமியிடம் தானே சொல்கிறேன் என்றார். சொன்னார். அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

புது ஊசி போட்ட மறுநாள் காலை எட்டு மணிக்கு அவருடைய அழைப்பு.

“மிஸி, காய்ச்சல் நூத்தியொண்டு. கையும் காலும் முறிஞ்சு விழுது.” குரலில் சிரிப்பு.

நானும் சிரித்திருப்பேன். அதற்கு முதல் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: வாந்தி உண்டா, வயிற்றில் நோவு உண்டா, தோலில் சிவப்புப் புள்ளி உண்டா, எப்போது தொடங்கியது. டெங்கின் அறிகுறி ஒன்றும் இல்லை. பரசிற்றமோல் குடித்துப் படுக்கச் சொன்னேன். மாமி எப்படி என்றும் கேட்டேன். அழுது முடித்துவிட்டாவாம். இப்போது பிரிட்ஜின் நடுத்தட்டை ஊசிக்கென்று ஒதுக்கிவிட்டு, அதில் ஒரு கறிவேப்பிலைகூட வைக்க விடுகிறா இல்லையாம். நேற்று இறால் வாங்கிவந்த நியாஸை, “முதல்ல மருந்துக்கு இடம் விடு” என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாவாம்.

அந்தக் காய்ச்சல், ஊசி வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியா? இல்லை. காய்ச்சல் இல்லாமலே இரத்தம் இறங்கியவர்களைப் பார்க்கப் போகிறீர்கள். காய்ச்சலில் வெந்தும் இறங்காதவர்களையும் பார்ப்பீர்கள். காய்ச்சலைக் கண்டு பயப்படவும் தெரியாமல், அது இல்லாததைக் கண்டு சந்தோசப்படவும் தெரியாமல் நடுவில் நிற்பதுதான் இந்த வேலை. எனக்கு அந்த நிற்பு இன்னும் பழகவில்லை. ஆனால் நோயாளி சந்தோசமாகச் சொல்கிற மாற்றத்தை, கவலையோடு சொல்கிற மாற்றத்தைப் போலவே எழுதி வைக்கிறேன். பிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்பதோடு விடாமல், அதை யார் திறப்பார்கள் என்றும் கேட்கிறேன். சொன்னதை அவர்களைக்கொண்டு திருப்பிச் சொல்விக்கிறேன், கடற்கரைத் தமிழ் தெரிந்தவர்களிடமும்.

மூன்று மாதம் கழித்து றிஸ்னாவின் இரத்தம் இறங்கியிருந்தது. முன்பு இறங்கிய அளவுக்கு இல்லை, ஆனாலும் இறங்கியிருந்தது. இரத்தம் எடுத்ததால் எவ்வளவு, ஊசியால் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. நிபுணர் குளிசையை எழுதவில்லை, ஊசியைத் தொடரச் சொன்னார். இன்னும் ஆறு மாதம் இப்படியே நின்றால் பிள்ளையைப் பற்றிக் கதைப்போம் என்றார். வெளியே வந்ததும் றிஸ்னா என் கையைப் பிடித்தார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. “முந்தி ‘பிறகு பாப்பம்’ எண்டவர் மிஸி. இண்டைக்கு ‘கதைப்பம்’ எண்டு சொல்லியிருக்கிறார்” என்றார். ஆறு மாதத்தில் நாலு மாதம் போயிருக்கிறது. மற்ற இரண்டும் உங்கள் காலத்தில் வரும்.

அடுத்த மாதம் இதே ஊசியைத் தொடங்கப்போகிற இன்னொருவர் வெள்ளாங்குளத்தில் இருக்கிறார், வயல் செய்பவர். பிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டதற்கு ஓம் என்றார். யார் திறப்பது என்று கேட்டதற்கு எல்லாரும்தான் என்றார். திருப்பிச் சொல்லச் சொன்னேன், ஒன்றும் பிசகாமல் சொன்னார். போன சனிக்கிழமை நான் பஸ் ஏறி அவருடைய வீட்டுக்குப் போனேன். பிரிட்ஜ் புதிது, சுத்தமாக இருந்தது. மின்னலுக்குப் பயந்து வயலுக்குப் போகிறபோதெல்லாம் வயரைக் கழற்றிவிட்டுத்தான் போவோம் என்று அவருடைய மனைவி சொன்னார். நல்ல பழக்கம் என்று நான் பாராட்டுவேன் என எதிர்பார்த்தார். நான் பையிலிருந்து வெப்பமானியை எடுத்து நடுத்தட்டில் வைத்தேன். காலையும் மாலையும் எழுத ஒரு கொப்பியைக் கைப்பிடியில் கட்டிவிட்டேன். அரை மணித்தியாலம் இருந்து தேத்தண்ணி குடித்தோம். பிறகு அந்த மனைவியையே திறந்து வாசிக்கச் சொன்னேன். முதல் வரியை அவர்தான் எழுதினார்: சனி, பகல் பதினொன்று, பதினாறு பாகை.

ஊசி தொடங்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.